இரு பையோன்களின் இணைபு மோதுகையைப் படம் பிடிக்கின்றதா? (விவாத இழை)

கேள்வி: 2024 பெப்ரவரி 11, மாலை 6.40

வணக்கம் சேர். தலவாக்கலையிலிருந்து எழுதுகின்றேன். உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கின்றேன். ஈயக் கருக்களை மோதவிட்டு, வெளிவரும் பையோன்கள் என்ற சிறு துணிக்கைகளைச் சோடி சோடியாக எண்ணி, மோதுகையில் உண்டாகும் தீக்கோளத்தின் பருமனை அளக்கின்றார்கள் என்று ஒரு சஞ்சிகையில் வாசித்தேன். அந்தக் கோளம் எந்த நுணுக்குக்காட்டிக்கும் அகப்படாதது. இருப்பதும் 1 செக்கனின் கோடி கோடியில் ஒரு பங்கைவிட மிகக் குறைந்த நேரம். அப்படியானால் இது அதைப் படம் பிடிப்பதேதான் என்பது என் கருத்து. சரியா?

2024 பெப்ரவரி 11, இரவு 9.15

இல்லை தம்பி. கையில் கிடைப்பது படம் அல்ல, ஒரு விகிதம். ஒரே மோதுகையிலிருந்து வந்த, ஒரே மின்னேற்றமுடைய இரு பையோன்களின் உந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு, அந்த வேறுபாடு 0 முதல் 5 வரை எத்தனை சோடிக்கு, 5 முதல் 10 வரை எத்தனை சோடிக்கு என்று எண்ணிக்கொண்டு போகின்றார்கள் (அலகு மெகா இலத்திரன்வோற்று). இது தொகுதியெண். அதை, இணைபு (ஒன்றின் உந்தம் மற்றதன் உந்தத்தோடு தொடர்புற்றிருப்பது) எதுவும் இருக்க முடியாத சோடிகளின் அதே எண்ணிக்கையால் வகுக்கின்றார்கள். உந்த வேறுபாடு பெரிதாக உள்ள இடத்தில் விடை 1. வேறுபாடு சுழியை நெருங்க நெருங்க விடை 2ஐ நோக்கி ஏறுகின்றது. இப்படி எழும் முகட்டின் அகலத்தில்தான் செய்தி இருக்கின்றது. 197ஐ (பிளாங்க் மாறிலியும் ஒளிவேகமும் சேர்ந்து தரும் மாறிலி) அகலத்தால் வகுத்தால் பெம்டோமீற்றரில் (1 மீற்றரை 10இன் 15ஆம் அடுக்கால் வகுத்த அளவு) ஒரு நீளம் வரும். அகலம் 39 என்றால் நீளம் ஏறத்தாழ 5. அகலம் 197 என்றால் நீளம் 1. மூலம் பெரிதானால் முகடு ஒடுங்கும்.

அந்த நீளம் எதனுடைய நீளம் என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகின்றேன்.

2024 பெப்ரவரி 12, காலை 5.50

பாடசாலைக்குப் புறப்படுமுன் ஒரு குறிப்பு. முகடு ஏன் வருகின்றது என்பதை நேற்றுச் சொல்லவில்லை. பையோன்கள் போசன்கள், அதாவது ஒரே நிலையில் பல சேர்ந்து இருக்கக்கூடிய வகைத் துணிக்கைகள். ஒன்று இந்த மூலையிலும் மற்றது அந்த மூலையிலும் பிறந்து, இரு உணர்கருவிகளை அடைந்தால், எது எங்கே பிறந்தது என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே இரண்டு வழிகளுக்குமான வீச்சங்களை (வர்க்கித்தால் நிகழ்தகவு தருபவை) கூட்டிய பின்னரே வர்க்கிக்க வேண்டும். அந்தக் கூட்டலில் வரும் கோசைன் உறுப்புத்தான், உந்தங்கள் நெருங்கிய சோடிகளின் நிகழ்தகவை உயர்த்துகின்றது.

இதை முதலில் துணிக்கைகளில் கண்டவர்கள், இதைத் தேடிப் போனவர்கள் அல்லர். கலிபோர்னியாவின் பெவட்ரன் வேகமுடுக்கியில் எதிர்ப்புரோத்தன்கள் அழிந்து பையோன்களாகும் நிகழ்வுகளில் ரோ மேசன் என்ற துணிக்கையைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரே ஏற்றமுடைய சோடிகளும் எதிர் ஏற்றமுடைய சோடிகளும் வெவ்வேறு கோணப் பரம்பல்களைக் காட்டியதைக் கண்டார்கள். கேர்சன் கோல்ட்ஹேபர், சுலமித் கோல்ட்ஹேபர், வொன்யொங் லீ, ஏபிரகாம் பைஸ் ஆகிய நால்வரும் 1960இல் அதற்குப் போசன்களுக்குரிய போஸ்–ஐன்ஸ்டைன் புள்ளியியலைக் கொண்டு விளக்கம் கொடுத்தார்கள்.

2024 பெப்ரவரி 12, இரவு 8.30

வானியலில் இதே கணிதம் நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டது. ரொபர்ட் ஹன்பரி பிரவுண், ரிச்சர்ட் டுவிஸ் ஆகிய இருவரும் 1956இல் இரு கண்ணாடிகளில் விழும் ஒளியின் செறிவு ஏற்ற இறக்கங்களைப் பெருக்கிப் பார்த்து, சீரியஸ் விண்மீனின் கோண விட்டத்தை அளந்தார்கள். தனித்தனி ஒளியணுக்கள் எப்படிச் சேர்ந்து வர முடியும் என்று பலர் எதிர்த்தார்கள். வேறொரு குழு பரிசோதித்து இணைபு இல்லை என்றும் எழுதியது. எட்வர்ட் பர்செல் அதே ஆண்டில், அந்தப் பரிசோதனையின் உணர்திறனில் இணைபு தெரியாமற் போனதில் வியப்பில்லை என்று கணக்கோடு காட்டினார். பின்னர் அவுஸ்திரேலியாவின் நரபிரையில், 188 மீற்றர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் ஓடும் இரு பெரிய கண்ணாடிகளை வைத்து 32 விண்மீன்களை அளந்தார்கள்.

இழையை விட்டுச் சற்று விலகுகின்றேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஹன்பரி பிரவுண் பிறந்த ஊர் நீலகிரியில் உள்ள அருவங்காடு, ஆண்டு 1916. அங்கும் தேயிலை, அங்கும் தமிழ். நம்மைப் போன்ற ஒரு மலையூரில் பிறந்தவர் என்பதை வகுப்பில் சொன்னபோது, அதுவரை சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பின்வரிசை கரும்பலகைப் பக்கம் திரும்பியது. பௌதிகவியலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எனக்கு உண்டு.

2024 பெப்ரவரி 14, இரவு 10.05

பதுளையிலிருந்து ஒருவர் கேட்கின்றார்: “தொகுதியெண் விளங்குகின்றது ஐயா, பகுதியெண்ணை எங்கிருந்து எடுக்கின்றீர்கள்?” இந்த இழையில் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இணைபு ஆய்வின் அறிவு முழுவதும் பகுதியெண்ணில் இருக்கின்றது என்பது என் நெடுநாள் எண்ணம். தொகுதியெண்ணை எண்ணத் தெரிந்த எவரும் எண்ணிவிடலாம்.

தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டை (வேலைக்கு முன் தொழிலாளர் ஒன்றுகூடுவது) எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் பெரட்டுக் களத்துக்கு வந்து சேரும் நேரத்தைக் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் நிமிடக் கணக்காக எழுதுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே லயத்தார் (தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்போர்) சேர்ந்து வருகின்றார்களா என்று அறிய வேண்டும். (ஒரே லயத்தில் இருப்பவர்கள் சேர்ந்துதான் வருவார்கள் என்று நினைப்பவர் லயத்தில் வாழ்ந்தவராக இருக்க முடியாது, அது ஒருபுறம் இருக்கட்டும்.) அந்த லயத்து இருவர் ஒரு நிமிட இடைவெளிக்குள் வந்த காலைகளை எண்ணினால் போதாது. எல்லாருமே ஏறத்தாழ ஒரே நேரத்துக்கு வர வேண்டியவர்கள் ஆகையால், எந்த இருவரும் அடிக்கடி நெருங்கித்தான் வருவார்கள். ஆகவே ஒருவரின் திங்கட்கிழமை நேரத்தையும் மற்றவரின் செவ்வாய்க்கிழமை நேரத்தையும் சோடி சேர்க்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் வந்த இருவர் சேர்ந்து வந்திருக்க முடியாது. ஆனால் பெரட்டு நேரம், பாதையின் தூரம், ஒவ்வொருவரின் வழக்கம் எல்லாம் அந்தக் கலப்புச் சோடியிலும் அப்படியே இருக்கும். உண்மைச் சோடிகளைக் கலப்புச் சோடிகளால் வகுத்தால், பொதுவானவை கழிந்து, சேர்ந்து வந்தது மட்டும் எஞ்சும்.

துணிக்கைகளில் செய்வதும் இதுவே. ஒரு பையோனை இந்த மோதுகையிலிருந்தும் இன்னொன்றை வேறொரு மோதுகையிலிருந்தும் எடுக்கின்றார்கள். இந்த முறையை வளர்த்தெடுத்ததில் கொப்பிலோவ், பொட்கொரெட்ஸ்கி ஆகிய சோவியத் ஆய்வாளர்களின் 1970களின் பணிக்குப் பெரும் பங்கு உண்டு. பையோன் முகட்டுக்கும் விண்மீன் அளவீட்டுக்கும் உள்ள உறவைத் தெளிவாக்கியவர்களிலும் அவர்கள் உண்டு.

2024 பெப்ரவரி 15, காலை 6.00

நேற்று எழுதியதற்கு ஒரு நீட்சி. மழைக்காலையில் எல்லாரும் பிந்தி வருவார்கள். மழைநாளையும் வெயில்நாளையும் கலந்து பகுதியெண் செய்தால், கலப்புச் சோடிகளில் இடைவெளி செயற்கையாகப் பெருகிவிடும். உண்மைச் சோடிகள் நெருங்கி வந்தவை போலத் தோன்றும். யாரும் யாருக்காகவும் காத்திராதபோதும் விகிதம் 1ஐத் தாண்டும். ஆகவே மழையோடு மழையைக் கலக்க வேண்டும். மோதுகையிலும், கருக்கள் நேருக்கு நேர் மோதிய நிகழ்வை அதே போன்ற நிகழ்வோடுதான் கலக்கின்றார்கள். ஓரம் உரசிய நிகழ்வோடு கலப்பதில்லை. மோதிய புள்ளி கற்றையின் நெடுக்கில் எங்கே இருந்தது என்பதும் ஒத்திருக்க வேண்டும். அது நகர்ந்தால் உணர்கருவி துணிக்கைகளைப் பிடிக்கும் திறனும் மாறும்.

2024 பெப்ரவரி 15, இரவு 9.40

“இது குவாண்டம் பின்னல்தானே?” என்று ஒருவர். அன்று. பின்னல் என்றால் இரு துணிக்கைகளும் தனித்தனியாக விவரிக்க முடியாத ஒரே கூட்டு நிலையில் இருக்க வேண்டும். இங்கே பையோன்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி, வெவ்வேறு புள்ளிகளிலிருந்து கிளம்பினாலும் முகடு வரும். தொடர்பின்றிக் கிளம்புவதுதான் முகட்டை முழு உயரத்துக்கு ஏற்றுகின்றது. லேசர் போல எல்லாம் ஒரே கட்டத்தில் கிளம்பினால் முகடு மறைந்துவிடும். பெரட்டு உவமை நொண்டுவதும் இங்கேதான்: லயத்தார் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கலாம், பையோன்கள் காத்திருப்பதில்லை. பகுதியெண்ணை விளக்க மட்டும் அந்த உவமையை வைத்துக்கொள்ளுங்கள்.

2024 பெப்ரவரி 18, பிற்பகல் 3.20

ஞாயிற்றுக்கிழமை. மாணவர் இருவருடன் பழைய மடிக்கணினியில் ஒரு பொம்மை மோதுகை செய்து பார்த்தோம். 5 பெம்டோமீற்றர் அகலமுள்ள கௌசியன் (மணிவடிவ) பரம்பலிலிருந்து பிறப்பிடங்களை எழுமாறாக எடுத்து, ஒவ்வொரு சோடிக்கும் 1 கூட்டல் கோசைன் என்ற நிறையைக் கொடுத்து, 5 அலகு அகலப் பெட்டிகளில் போட்டோம். உந்த வேறுபாடு 39 ஆகும் இடத்தில் விகிதம் 1.37 ஆக இருக்க வேண்டும் என்று தாளில் கணித்து வைத்திருந்தோம்; திரையிலும் அங்கேதான் வந்தது.

மாணவர்களை வியக்க வைத்தது வேறொன்று. முகடு மிக உயரமாக இருக்கும் முதற் பெட்டியில்தான் வழுக்கோடு (அளவீட்டின் நிச்சயமின்மையைக் காட்டும் கோடு) மிக நீளம். காரணம் எளிது. முப்பரிமாண உந்தவெளியில் மிகச் சிறிய வேறுபாட்டுக்குரிய கனவளவு மிகச் சிறியது: முதற் பெட்டியில் 1 சோடி விழும் கணக்குக்கு இரண்டாவதில் 7, மூன்றாவதில் 19. எந்த இடத்தில் செய்தி அதிகமோ அந்த இடத்தில் தரவு குறைவு.

பிறகு விளையாட்டாக இன்னொன்று செய்தோம். மிக நெருங்கிய இரு தடங்களை உணர்கருவி ஒரே தடமாகக் கண்டுவிடுவதுண்டு. உந்தங்கள் நெருங்கினால் தடங்களும் நெருங்குவதால், இந்தக் கேடு முகட்டின் உச்சியைத்தான் தின்கின்றது. வேறுபாடு 10க்குக் குறைந்த சோடிகளில் பாதியைத் தொகுதியெண்ணிலிருந்து மட்டும் நீக்கினோம். முகட்டின் நுனி சப்பையாகிப் பொருத்திய ஆரை மாறிவிட்டது. உண்மை ஆய்வுகளில் இதற்குப் பரிகாரம், தடங்கள் குறித்த தூரத்துக்குள் வந்த சோடிகளை இரண்டு எண்களிலிருந்தும் ஒரே விதியின்படி நீக்குவது. கலப்புச் சோடியின் இரு தடங்களும் ஒன்றாக உணர்கருவியைக் கடந்தவை அல்ல. இருந்தும் கடந்தவை போல வைத்துச் சோதித்து நீக்க வேண்டும்.

2024 பெப்ரவரி 18, இரவு 8.55

பொம்மையில் விட்டவை: ஒரே ஏற்றம் ஒன்றையொன்று தள்ளும், ஆகவே மிகச் சிறிய வேறுபாட்டில் முகட்டுக்குள் ஒரு குழி விழும். இந்தத் தள்ளுகைக்குரிய தூர அளவான, பையோன் சோடியின் போர் (Bohr) ஆரை ஏறத்தாழ 387 பெம்டோமீற்றர். மூலத்தைவிட மிகப் பெரிது என்பதால் இந்தத் திருத்தத்தைக் கணக்கில் கொண்டுவருவது கடினமன்று. அடுத்தது, முகடு நடைமுறையில் 2ஐ எட்டுவதில்லை. ஒமேகா, ஈற்றா போன்ற மேசன்கள் தூரப் போய்ச் சிதைந்து தரும் பையோன்கள் பெரிய மூலத்திலிருந்து வந்தவை. அவற்றின் முகடு மிக ஒடுங்கியதாகிப் பார்வைக்கு எட்டாமற் போய்விடுகின்றது.

2024 பெப்ரவரி 21, இரவு 9.30

தம்பியின் முதற் கேள்விக்கு இப்போது. அந்த நீளம் தீக்கோளத்தின் முழு நீளமா?

தீக்கோளம் விரிகின்றது, வெவ்வேறு பாகங்கள் வெவ்வேறு திசைகளில் பாய்கின்றன. இடப்பக்கம் பாயும் பாகத்திலிருந்து வந்த பையோனுக்கும் வலப்பக்கம் பாயும் பாகத்திலிருந்து வந்ததற்கும் உந்தங்கள் பெரிதும் வேறுபடும். அவை முகட்டுக்கு உதவா. ஒத்த உந்தத்தோடு வெளிவரக்கூடிய பாகத்தின் நீளமே அளக்கப்படுகின்றது. அந்தப் பாகத்தை ஒருசீர்ப் பிரதேசம் என்பர். வேகமான பையோன்களை எடுத்தால் ஆரை சிறுக்கும், மெதுவானவற்றை எடுத்தால் பெருக்கும். மூலம் நிலையாக நின்றால் இப்படி மாற வேண்டியதில்லை; ஆகவே இந்த மாற்றமே விரிவுக்குச் சான்றாகின்றது. படம் என்று கொள்வதானால், நம்மை நோக்கி வரும் பாகத்தை மட்டும் காட்டும் படம் என்று கொள்ளலாம். இவ்வளவுக்குத்தான் நான் இறங்கி வருவேன்.

எண்கள் சில. ஐரோப்பிய ஆய்வுகூடமான சேர்னின் 27 கிலோமீற்றர் வளையத்தில் ஈயக் கருக்களை மோதவிட்டு அலிஸ் பரிசோதனைக் குழு 2011இல் வெளியிட்ட அளவீட்டில், நேருக்கு நேர் மோதுகைகளுக்கு மூன்று திசை ஆரைகளின் பெருக்கம் ஏறத்தாழ 300 கன பெம்டோமீற்றர். இது அமெரிக்காவின் ரிக் மோதுபொறியில் கண்டதன் இருமடங்கு. பையோன்கள் விடுபடும் வரையான நேரம், ஒளி 10 பெம்டோமீற்றர் கடக்கும் நேரத்தைவிடச் சற்றுக் கூட. அதாவது 3ஐ 10இன் 23ஆம் அடுக்கால் வகுத்த அளவு செக்கன். தம்பி சொன்ன நேரக்கணக்கு சரிதான்.

2024 பெப்ரவரி 22, காலை 5.45

ரிக்கைக் குறிப்பிட்டதால் ஒன்று. 2000ஆம் ஆண்டை அடுத்து அங்கே அளந்தபோது, பையோன் செல்லும் திசையிலான ஆரைக்கும் அதற்குக் குறுக்கான ஆரைக்கும் விகிதம் ஏறத்தாழ 1 என்று வந்தது. துணிக்கைகள் நீண்ட நேரம் வெளியேறிக்கொண்டிருந்தால் முதலாவது பெரிதாக இருக்க வேண்டும். தீக்கோளத்தைத் திரவமாகக் கொண்ட கணிப்புகளும் அப்படித்தான் சொல்லின. ஓட்டத்தைச் சரியாகச் சொன்ன அதே கணிப்பு ஆரையில் தவறியது. புதிர் பல ஆண்டு நீடித்தது. ஸ்கொட் பிராட் 2009இல் காட்டிய தீர்வில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை: விரிவு முந்தியே தொடங்குவது, பொருளின் விறைப்பு, பாகுநிலை எனச் சிறு திருத்தங்கள் பல ஒரே திசையில் கூடியதால் விகிதம் இறங்கியது. இத்தகைய தீர்வுகள் செய்தித்தாளுக்கு ஏற்றவை அல்ல. எனக்கு இவையே நம்பிக்கை தருகின்றன.

2024 பெப்ரவரி 25, இரவு 10.20

பகுதியெண்ணைப் பற்றி மீண்டும். பண்டாரவளை நண்பர் “சும்மா வகுத்தல்தானே” என்று எழுதியிருக்கின்றார், அவருக்காக.

கோண இணைபு என்று இன்னொரு வகை உண்டு. வேகமான ஒரு துணிக்கையைத் தேர்ந்து, மற்றவை அதிலிருந்து எத்தனை பாகையில் வருகின்றன என்று எண்ணுவது. ரிக்கில் பொன் கருக்களில் இப்படி எண்ணி, அறிந்திருந்த நீள்வட்ட ஓட்டத்தை (மோதிய பரப்பு நீள்வட்டமாக இருப்பதால் எழுவது) கழித்தபோது, எதிர்ப்பக்கத்தில் ஒரு மேட்டுக்குப் பதில் இரண்டு மேடுகள் தெரிந்தன. ஒலியை முந்தும் விமானத்தின் பின்னால் எழும் கூம்பு அலை போல, தீக்கோளமாகிய குவாக்–குளுவான் திரவத்தில் மாக் கூம்பு எழுகின்றது என்று பலர் விளக்கம் எழுதினார்கள். அழகான விளக்கம்.

2010இல் புராக் அல்வெர், குந்தர் ரோலண்ட் ஆகிய இருவரும் கேட்டது எளிய கேள்வி. கருவுக்குள் புரோத்தன்களும் நியூத்திரன்களும் ஒவ்வொரு மோதுகையிலும் வெவ்வேறாகச் சிதறியிருக்கும்போது, மோதிய பரப்பு ஒழுங்கான நீள்வட்டமாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? முக்கோணச் சாயலும் இருக்கும். அதிலிருந்து முக்கோண ஓட்டம் பிறக்கும். அதன் இணைபு 0, 120, 240 பாகைகளில் மேடு காட்டும். எதிர்ப்பக்கத்து இரண்டு மேடுகளும் இருந்த இடங்கள் அவைதாம். கழித்ததில் அந்த உறுப்பு இல்லாமல் இருந்ததால் அது எச்சமாக நின்று கூம்பு வேடம் போட்டது. தரவு பொய் சொல்லவில்லை. எதைப் பொதுவானது என்று கழித்தோம் என்பதில்தான் கோளாறு. மழைநாளைப் பற்றி நான் எழுதியதும் இதையே.

அதே 2010 செப்டெம்பரில் சேர்னின் சீ.எம்.எஸ். குழு, புரோத்தன்கள் மோதிப் பெருந்தொகைத் துணிக்கைகள் வெளிவந்த அரிய நிகழ்வுகளில், கற்றையின் நெடுக்கில் வெகுதூரம் விலகியிருந்தும் ஒரே பக்கமாகச் செல்லும் சோடிகள் கூடுதலாக இருப்பதைக் கண்டது. வரைபில் அது மலைமுகடு போல நீண்டு கிடக்கும். அவ்வளவு விலகிய துணிக்கைகள் பிற்காலத்தில் ஒன்றையொன்று பாதிக்க முடியாது. ஆகவே இணைபு மோதுகையின் முதற்கணங்களில் உண்டாகியிருக்க வேண்டும். சிறிய புரோத்தன் மோதுகையிலும் திரவத் துளி உண்டா என்ற வாதம் அதிலிருந்து மூண்டது. எனக்கு இன்னும் அது முடிந்ததாகத் தெரியவில்லை.

2024 பெப்ரவரி 28, இரவு 9.00

“மூலத்தின் பருமனை அறிந்து என்ன பயன்?” என்று கேட்டவருக்கு: அதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். புரோத்தன்கள் பெர்மியன்கள் (ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாத வகை) ஆகையால், இரு புரோத்தன்களின் உந்த வேறுபாடு சுழியாகும் இடத்தில் இணைபு தாழும்; ஆனால் கருவைப் பிணைக்கும் வலிய விசை இழுப்பதால் சற்றுத் தள்ளி ஒரு முகடு எழும். அந்த முகட்டிலிருந்து மூலத்தின் பருமனைப் பெறலாம் என்று ஸ்டீவன் கூனின் 1977இல் எழுதினார். பருமன் தெரிந்துவிட்டால், அதே மூலத்திலிருந்து வரும் வேறு சோடிகளின் முகட்டிலிருந்து, அவற்றுக்கு இடையிலான விசையை அறியலாம். ஒமேகா பாரியன் (மேலே சொன்ன ஒமேகா மேசன் அல்ல, புரோத்தனின் இனத்தைச் சேர்ந்த வேறொரு துணிக்கை) வாழ்வது 1 செக்கனின் ஆயிரங்கோடியில் ஒரு பங்கை விடவும் குறைவு. அதைக் கற்றையாக்கிப் புரோத்தன் இலக்கில் எறிய வழியில்லை. அலிஸ் குழு 2020இல், புரோத்தன்–ஒமேகா சோடிகளின் இணைபிலிருந்து அந்த விசை இழுப்பது என்று காட்டியது. ரிக்கின் ஸ்டார் குழு 2015இல் எதிர்ப்புரோத்தன்களுக்கு இடையிலும் விசை இழுப்பதே, புரோத்தன்களுக்கு உள்ளது போலவே, என்று அளந்தது.

2024 மார்ச் 2, மாலை 7.10

நுவரெலியாவிலிருந்து கேள்வி: எங்கள் உயரத்தில், இரு கைகர் குழாய்களை (கதிர் புகுந்தால் சொடுக்கும் கருவி) வைத்து ஏதாவது இணைபைப் பார்க்க முடியுமா?

முடியும். 1,868 மீற்றரில் அண்டக்கதிர் கடற்கரையை விடக் கூடுதல். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த குழாய்கள் ஒரே நேரத்தில் சொடுக்கினால், அண்டக்கதிரிலிருந்து பிறக்கும் மியூவோன் என்ற துணிக்கை ஒன்றே இரண்டையும் கடந்திருக்கலாம். பின் குழாய்களைக் கிடையாக விலக்கி வையுங்கள். அப்போதும் சேர்ந்து சொடுக்கினால், வளிமண்டலத்தின் மேலே பிறந்த துணிக்கைப் பொழிவு ஒன்று இரண்டிலும் விழுந்திருக்கலாம். பியர் ஓஜே 1930களின் இறுதியில் அல்ப்ஸ் மலையில், குழாய்களை 300 மீற்றர் வரை விலக்கி வைத்துப் பரந்த பொழிவுகளைக் கண்ட வழி அது.

இங்கும் முதலில் பகுதியெண். ஒவ்வொரு குழாயும் செக்கனுக்கு 1 முறை சொடுக்கி, மின்சுற்று 10,000இல் 1 செக்கனுக்குள் வருபவற்றைச் சேர்ந்தவை என்று கொண்டால், தற்செயலாக மட்டும் செக்கனுக்கு 0.0002, நாளுக்கு ஏறத்தாழ 17 வரும். உங்களுக்கு நாளுக்கு 20 கிடைத்தால் மகிழ வேண்டாம். சுற்றின் நேரத்தை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் தற்செயல் 6 நாளுக்கு 1 என்று இறங்கும். அப்போது கிடைப்பதைப் பற்றிப் பேசலாம். தற்செயலைக் கணித்துப் பார்க்காமல் அளந்தும் அறியலாம்: ஒரு குழாயின் பதிவை ஒரு செக்கன் தள்ளி வைத்து மற்றதோடு ஒப்பிடுங்கள்.

2024 மார்ச் 3, காலை 6.05

தலவாக்கலைத் தம்பி இரவே பொம்மைக் கணிப்பை எழுதி அனுப்பியிருக்கின்றார். முகடு அழகாக வந்திருக்கின்றது, ஆனால் பெரிய வேறுபாட்டில் வளைகோடு 1இல் நிற்காமல் 1.08 வரை மெல்ல ஏறுகின்றது. தம்பி, நிகழ்வுக்கு நிகழ்வு பையோன் எண்ணிக்கையை மாற்றியிருக்கின்றீர்கள், வெப்பநிலையையும் அதோடு சேர்த்து மாற்றியிருக்கின்றீர்கள். கலக்கும்போது எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டிருக்கின்றீர்கள். எண்ணிக்கைப்படி ஐந்து வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்குள் மட்டும் கலந்து, புதிய வரைபை இங்கே இடுங்கள். வழுக்கோடுகளையும் போடுங்கள், முதற் பெட்டிக்கும் சேர்த்து.